கருவாடு விற்ற ஊரில் புத்தகம் எப்படித் தங்கியது

டச்சுக்காரர்கள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பழவேற்காட்டுக் கல்லறைகளும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணக் கோட்டையும்தான். கப்பலில் வந்தவர்கள், கடலை நம்பிப் பிழைத்தவர்கள் என்றே அவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹய்சன் என்று ஆறு ஊர்களில் கிளைகள் இருந்தன. ஆறுமே கடலை அண்டிய மேற்குப் பக்கத்து ஊர்கள்.

நெதர்லாந்தில் வேலைக்கு வந்த பிறகுதான் அந்த நாட்டுக்கு அதைவிடப் பழைய இன்னொரு முகம் இருப்பது எனக்குப் புரிந்தது. அது கிழக்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது. ரைன் நதியிலிருந்து ஆர்ன்ஹெம் நகரத்துக்குப் பக்கத்தில் பிரிந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வடக்கே ஓடும் கிளைதான் ஐசெல் ஆறு. அதன் கரையில் டூஸ்பர்க், ஸுட்ஃபன், டெவென்டர், ஸ்வொல்ல, காம்பன் என்று வரிசையாக ஊர்கள். ஆம்ஸ்டர்டாம் வெறும் சதுப்பு நிலமாகக் கிடந்த காலத்திலேயே இவற்றில் சில பணக்கார ஊர்களாகிவிட்டன. இவற்றில் நான் அதிகம் சுற்றியதும், அதிகம் படித்ததும் டெவென்டரைத்தான்.

அந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வணிகத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். மீன், வெண்ணெய், துணி, ஒயின் என்று அந்த வணிகமும் பெரியதுதான். ஆனால் ஆறு கொண்டுவந்த சரக்குகளில் ஊரைவிட்டுப் போகாமல் தங்கியது புத்தகம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஊரின் எழுதப்பட்ட வரலாறு 768 வாக்கில் தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த லெபுயினஸ் என்ற துறவி ஐசெல் கரையில் மரத்தால் ஒரு சிறு தேவாலயம் கட்டினார். ஆற்றின் கிழக்கே சாக்சன்கள், அவர்கள் பழைய தெய்வங்களை வணங்கியவர்கள். தேவாலயத்தை எரித்தார்கள். மறுபடி கட்டினார், மறுபடி எரிந்தது. அவர் இறந்த பிறகு லியுட்கர் என்ற இன்னொரு துறவி வந்து, அவருடைய கல்லறையின் மேலேயே புதிதாக ஒன்றைக் கட்டினார். இன்று ஊர் நடுவில் நிற்கும் பெரிய லெபுயினஸ் தேவாலயம் அந்த வரிசையில் வந்ததுதான். அதன் அடியில் 1040 வாக்கில் கட்டிய நிலவறை ஒன்று இருக்கிறது. தாழ்வான கூரை, முறுக்கிவிட்டது போன்ற தூண்கள். தேவாலயத்தின் மற்றப் பகுதிகளைச் சீக்கிரம் பார்த்துவிட்டுக்கூடப் போகலாம், அந்த நிலவறைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள்.

882-இல் வைக்கிங்குகள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள். அதற்குப் பின் ஊரைச் சுற்றி மண் கரை எழுப்பினார்கள். அந்தக் கரை ஓடிய வளைவை இன்றைய தெருக்களின் வளைவில் காணலாம். வைக்கிங்குகளால் டெவென்டருக்கு ஒரு ஆதாயமும் கிடைத்தது. அதுவரை இந்தப் பகுதியின் பெரிய வணிக ஊர் டோரஸ்டாட். அது தொடர் தாக்குதல்களாலும் ஆறு திசை மாறியதாலும் தேய்ந்துபோக, அதன் வியாபாரத்தில் ஒரு பங்கு டெவென்டருக்கு வந்தது. உட்ரெக்ட் ஆயர்கூடச் சில காலம் இங்கே வந்து தங்கினார்.

அப்புறம் ஹன்சா காலம். வட ஐரோப்பாவின் வணிக நகரங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணி அது. டெவென்டரின் பலம் அதன் இடம். ரைன் வழியாக ஜெர்மனியின் உள்நாட்டுச் சரக்கு வந்து சேரும். ஐசெல் வழியாக வடக்கே போனால் அன்றைய ஸைடர்ஸே உள்கடல், அதைத் தாண்டினால் பால்டிக்கும் நார்வேயும். கிழக்கே வெஸ்ட்ஃபேலியாவுக்குப் போகும் தரைவழியும் இங்கேதான் ஆற்றைத் தொட்டது. ஆண்டுக்கு ஐந்து பெரிய சந்தைகள் கூடின. மேற்கே ஹாலந்திலிருந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொண்டுவருவார்கள், ஜெர்மன் வியாபாரிகள் ஒயினும் துணியும் கொண்டுவருவார்கள். கடன் வாங்கினவர்கள் டெவென்டர் சந்தையைத் தவணையாகச் சொன்ன காலம் அது.

இவை எல்லாவற்றையும்விட ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கருவாடு. நார்வேயின் பெர்கன் துறைமுகத்திலிருந்து காட் மீன் கருவாடு டெவென்டருக்கு வந்தது. நம் ஊர்க் கருவாடு போல உப்பில் ஊறியதில்லை. குளிர்காற்றில் தொங்கவிட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை உலர்த்தியது. ஆண்டுக்கணக்கில் கெடாது. கிறிஸ்தவர்களுக்கு இறைச்சி விலக்கிய நாட்கள் ஆண்டில் ஏராளம். உள்நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்களில் இந்தக் கருவாட்டைத்தான் நம்பியிருந்தார்கள். பிரிங்க் என்ற பெரிய சந்தைத் திடலின் ஓரத்தில் 1575-இல் கட்டிய ஒரு வணிகர் வீடு இருக்கிறது. அதன் முகப்பில் மூன்று ஹெர்ரிங் மீன்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மீனில் சம்பாதித்ததை மறைக்காமல் வாசலிலேயே சொன்ன வீடு.

அதே திடலின் ஒரு முனையில் எடைச்சாவடி. 1528-இல் கட்டத் தொடங்கியது, நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய எடைச்சாவடிகளில் ஒன்று. இன்று அருங்காட்சியகம். சந்தைக்கு வரும் பெரிய சரக்கை ஊர்த் தராசில் நிறுத்து, கட்டணம் கட்டிய பிறகே விற்க முடியும். அந்தத் தராசை நம்பித்தான் தூரத்து ஊர்க்காரன் இங்கே வந்து வாங்கினான். நாணயமும் அப்படித்தான். எடைச்சாவடியின் வெளிச்சுவரில் ஒரு பெரிய செப்புக் கொப்பரை தொங்குகிறது. 1434-இல் கள்ள நாணயம் அடித்த ஒரு நாணயச்சாலைத் தலைவரை அதில் போட்டுக் கொதிக்கவைத்துக் கொன்றார்களாம். சுற்றுலா வருபவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. ஆனால் அந்த ஊர் தன் நம்பகத்தன்மையை எவ்வளவு கொடூரமாகக் காத்தது என்பதற்கு அதைவிட வெளிப்படையான சாட்சி இல்லை.

சரி, இனி எனக்கு முக்கியமான ஆளுக்கு வருகிறேன். ஹேர்ட் க்ரோட்டெ. 1340-இல் டெவென்டரில் பணக்காரத் துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். பாரிஸில் படித்தார், தேவாலய வருமானங்களைப் பெற்று வசதியாக வாழ்ந்தார். கடும் நோய் ஒன்று வந்து பிழைத்த பிறகு 1374-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பிறந்த வீட்டை ஏழைப் பெண்கள் சேர்ந்து வாழக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்கள் கன்னியாஸ்திரீகள் கிடையாது. வாழ்நாள் உறுதிமொழி எடுக்கவில்லை, பிச்சை எடுக்கவில்லை. கைவேலை செய்து சம்பாதித்து, அதைப் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். வேண்டாம் என்றால் போய்விடலாம்.

க்ரோட்டெ குருப்பட்டம் பெறவே இல்லை, அதற்குத் தனக்குத் தகுதி போதாது என்று நினைத்தார். அதற்கு முந்தைய படியான திருத்தொண்டராக நின்றுகொண்டே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார், அதுவும் மக்கள் பேசும் டச்சு மொழியில். பெண்களோடு குடித்தனம் நடத்தும் பாதிரியார்களை, பணத்துக்குப் பதவி வாங்குபவர்களை நேருக்கு நேர் சாடினார். உட்ரெக்டில் கட்டிக்கொண்டிருந்த பிரமாண்டமான கோபுரத்தை வீண் பெருமை என்று எழுதினார். 1383-இல் அவர் வாயை அடைத்தார்கள். குருப்பட்டம் இல்லாதவர் பிரசங்கம் செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டே, கொள்ளைநோய் கண்ட நண்பரைப் பார்க்கப் போய், அதே நோயில் இறந்தார். நாற்பத்து நான்கு வயதுகூட நிறையவில்லை.

சொத்தையெல்லாம் விட்டவருக்கு ஒரு ஆசை மட்டும் விடவில்லை. புத்தகங்கள் மீது தனக்குப் பேராசை என்று அவரே எழுதியிருக்கிறார். அச்சு வராத காலம். ஒரு புத்தகம் வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். டெவென்டர் இலத்தீன் பள்ளியின் மாணவர்களை அழைத்து, கூலி கொடுத்துப் படியெடுக்கச் சொன்னார். ஏழைப் பையன்களுக்கு அது சாப்பாட்டுக்கு வழி. எழுதும்போதே அவர்களோடு பேசுவார். அந்தப் பையன்களும் அவருடைய சீடர் ஃபுளோரன்ஸ் ராட்வைன்ஸும் சேர்ந்து உருவாக்கியதுதான் பொதுவாழ்வுச் சகோதரர்கள் என்ற அமைப்பு. புத்தகம் எழுதித் தருவதே அவர்களுடைய தொழில். படிக்கும்போது மனதில் தைத்த வரிகளை ஒவ்வொருவரும் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதுவே அவர்களின் அன்றாடத் தியானமாக இருந்தது. மத்தியகால ஐரோப்பாவில் பக்தி என்றதும் நாம் கற்பனை செய்கிற ஊர்வலம், புனிதர்களின் எலும்பு போன்ற திருப்பண்டம், ஆடம்பர வழிபாடு எதுவும் இதில் இல்லை. ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு பேனா. இங்கிருந்து கிளம்பிய இயக்கம் நெதர்லாந்து முழுவதும், ஜெர்மனியின் பல நகரங்களுக்கும் பரவியது. நிறுவனத்துக்குள் அடங்காத இவர்களைச் சந்தேகப்பட்டவர்கள் நிறைய. விவகாரம் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் வரை போய், அங்கே இவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது.

பெண்களும் எழுதினார்கள். டெவென்டருக்குப் பக்கத்து டீப்பன்வேன் மடத்தில், இறந்துபோன சகோதரிகளின் வாழ்க்கையை டச்சு மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள். சமையலறையில் உழைத்தவர், கோபத்தை அடக்கப் பாடுபட்டவர் என்று சாதாரணப் பெண்களின் கதைகள். அரசர்களும் புனிதர்களும் மட்டுமே எழுத்தில் வரும் காலத்தில், ஒரு மடத்தின் சமையல்காரி எழுத்தில் வாழ்கிறாள். டெவென்டர் வரலாற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், எடைச்சாவடியை விட்டுவிட்டு நான் இந்தக் கையெழுத்துப் பிரதியைத்தான் எடுப்பேன்.

சகோதரர்கள் இலத்தீன் பள்ளி மாணவர்களுக்குத் தங்குமிடமும் வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு 1470-களின் பிற்பகுதியில் ரோட்டர்டாம் பகுதியிலிருந்து ஒரு சிறுவன் வந்தான். எராஸ்மஸ். பாதிரியார் ஒருவருக்குத் திருமணமில்லாமல் பிறந்த பிள்ளை. கூடவே வந்த தாய் டெவென்டரிலேயே கொள்ளைநோயில் இறந்தார். பின்னாளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய அறிஞராக ஆன எராஸ்மஸ், தான் சேர்ந்தபோது அந்தப் பள்ளி இன்னும் பழைய காட்டுமிராண்டித்தனத்தில்தான் இருந்தது என்று எழுதினார். கூடவே, நல்ல இலக்கியத்தின் வாசனை முதலில் அங்கேதான் வீசியது என்பதையும் ஒத்துக்கொண்டார். 1483-இல் தலைமை ஆசிரியராக வந்த அலெக்சாண்டர் ஹெகியுஸ்தான் பள்ளியை மாற்றினார். கிரேக்க மொழியின் அருமையை வலியுறுத்தினார், வறிய மாணவர்களைக் கைதூக்கிவிட்டார். 1498-இல் இறந்தபோது அவரிடம் புத்தகங்களும் உடைகளும் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ஹெகியுஸ் தங்கியிருந்தது ஓர் அச்சகக்காரரின் வீட்டில். கொலோனிலிருந்து வந்த ரிச்சர்ட் பாஃப்ராட், 1477-இல் டெவென்டரில் அச்சுக்கூடம் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் யாகோப் வான் பிரேடா போட்டிக்கு வந்தார். இவர்கள் முக்கியமாக அச்சிட்டது பள்ளிப் பாடப் புத்தகங்கள். வாசலிலேயே பெரிய பள்ளி, கடைவீதியில் வருடத்துக்கு ஐந்து சந்தை, ஆற்றில் படகு. காகிதம் அதே வழியில் வந்தது, அச்சான புத்தகம் கருவாட்டுப் பீப்பாய்களோடு அதே வழியில் போனது. 1501-க்கு முன் அச்சான புத்தகங்களை எண்ணினால், பெல்ஜியம் உட்பட அந்தத் தாழ்நில நாடுகளிலேயே அதிக வெளியீடுகள் வந்த ஊர் டெவென்டர்தான். ஆண்ட்வெர்ப்பைவிட, லூவனைவிட அதிகம்! இதை நான் முதலில் படித்தபோது நம்பமுடியாமல் வேறு இடங்களிலும் தேடிப் பார்த்தேன்.

பதினாறாம் நூற்றாண்டில் ஊரின் அதிர்ஷ்டம் திரும்பியது. ஸ்பெயினுக்கு எதிரான போரில் 1578-இல் முற்றுகை, கைமாற்றம். 1587-இல் காவலுக்கு இருந்த ஆங்கிலத் தளபதி வில்லியம் ஸ்டான்லி ஊரைக் காட்டிக்கொடுத்து ஸ்பானியர்களிடம் ஒப்படைத்தார். 1591-இல் டச்சுப் படைத்தலைவர் இளவரசர் மவுரிட்ஸ் பீரங்கியால் அடித்து மீட்டார். இதற்கிடையே ஆறும் கைவிட்டது. ரைனின் தண்ணீரில் பெரும்பகுதி தெற்கே வால் கிளைக்குப் போய்விட, ஐசெலில் மணல்திட்டு எழுந்தது. கோடையில் பெரிய படகு வர முடியவில்லை. 1707-இல் பன்னர்டன் கால்வாய் வெட்டிய பிறகுதான் ஓரளவு தண்ணீர் வந்தது. அதற்குள் வணிகம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இந்தச் சரிவுக்கு நடுவே ஊர் செய்த காரியங்களைப் பாருங்கள். 1560-இல் நகர நிர்வாகம் ஒரு பாதிரியாரின் புத்தகங்களை வாங்கி நூலகம் தொடங்கியது. அத்தீனியம் நூலகம் என்று இன்றும் நடக்கிறது. டீப்பன்வேன் சகோதரிகளின் கையெழுத்துப் பிரதி அங்கேதான் இருக்கிறது. 1630-இல் உயர்கல்விக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே பேராசிரியராக வந்த ரெனேரியைத் தேடிக்கொண்டு தத்துவஞானி டெகார்ட் 1632-இல் டெவென்டருக்குக் குடிவந்தார். 1635-இல் அவருடைய மகள் ஃபிரான்சினுக்கு இந்த ஊரில்தான் ஞானஸ்நானம். தாய் ஹெலேனா ஒரு பணிப்பெண். குழந்தை ஐந்து வயதில் இறந்துபோனது. ஓவியர் ஹெரார்ட் டெர் போர்க் 1654-இலிருந்து கடைசிவரை இங்கே வாழ்ந்தார். 1667-இல் அவர் வரைந்த நகர சபை ஓவியம் நகர மன்றத்திலேயே இருக்கிறது. கறுப்பு உடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களில், செல்வம் போனாலும் நிர்வாகத்தை ஒழுங்காக நடத்துகிறவர்களின் கண்டிப்பு தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கம்பளத் தொழிற்சாலை, இரும்பு வார்ப்பு, 1869-இல் பர்கர்ஸ் ஆரம்பித்த நாட்டின் முதல் சைக்கிள் தொழிற்சாலை, தேனும் ரை என்ற தானியத்தின் மாவும் சேர்த்துச் செய்யும் டெவென்டர் கேக். மதில்கள் இடிந்து ஊர் வெளியே பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் மறுபடி ஒருவர் எழுத உட்கார்ந்தார். எட்டி ஹிலசம் 1914-இல் மிடல்பர்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்தோடு டெவென்டருக்கு வந்தார். தந்தை லூயி, நகர உயர்பள்ளியில் கிரேக்க, இலத்தீன் ஆசிரியர், பின்பு தலைமை ஆசிரியர். க்ரோட்டெயின் பையன்கள் படித்த இலத்தீன் பள்ளியின் வழிவந்த பள்ளி அது. எட்டி 1932-இல் படிப்புக்காக ஆம்ஸ்டர்டாம் போனார். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, 1941 மார்ச்சில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். சுற்றி உலகம் சுருங்கச் சுருங்க அவர் எழுத்து விரிந்துகொண்டே போனது. வெறுப்புக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று தன்னோடு தானே போராடிய எழுத்து. யூதர்களை அடைத்துவைத்த வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1943 செப்டம்பர் 7-இல் அவரைப் பெற்றோரோடும் தம்பி மிஷாவோடும் ரயிலேற்றினார்கள். ஓடும் ரயிலிலிருந்து அவர் எறிந்த அஞ்சலட்டையை யாரோ எடுத்து அனுப்பினார்கள். பாடிக்கொண்டே முகாமைவிட்டுக் கிளம்பினோம் என்று அதில் எழுதியிருந்தார். அந்த நவம்பரில் ஆஷ்விட்ஸில் இறந்ததாகப் பதிவு. டெவென்டரில் அவர் பெயரில் ஒரு மையம் இருக்கிறது. ஊரின் யூத ஆலயத்தை 1941-இல் உள்ளூர் நாஜிகளே அடித்து நொறுக்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புத்தகம் தங்கிய ஊர் என்பதால் எல்லோரும் நல்லவர்களாகிவிடவில்லை.

ஆற்றுப் பாலத்தைக் குறிவைத்து நேசநாட்டு விமானங்கள் 1944-45-இல் பலமுறை குண்டு வீசின. குண்டுகள் பல குடியிருப்புகளில் விழுந்தன. 1945 ஏப்ரல் 10-இல் கனடியப் படை ஊரை விடுவித்தது.

போருக்குப் பின், பெர்க் தேவாலயத்தைச் சுற்றிய மேட்டுத் தெருக்கள் பாழடைந்து கிடந்தன. ஒழுகும் கூரை, நெருக்கடியான வீடுகள். இடித்துத் தள்ளிவிட்டு அகலச் சாலை போட வேண்டும் என்ற பேச்சு அன்றைக்கு ஐரோப்பா முழுவதும் இருந்தது. டெவென்டரில் 1960-களின் பிற்பகுதியில் பெர்க்வார்ட்டியர் நிறுவனம் என்று ஒன்றை ஏற்படுத்தி, வீடு வீடாக வாங்கிப் பழுதுபார்த்து, குடும்பங்களுக்கே வாடகைக்கு விட்டார்கள். பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாக்காமல் மனிதர்கள் குடியிருக்கவைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் சன்னல் ஓரம் பூந்தொட்டியும் வாசலில் குழந்தைச் சைக்கிளும் இருக்கும். ஆர்ன்ஹெம் சண்டையைப் பற்றிய பெரிய ஆங்கிலப் படம் ஒன்றை 1976-இல் இங்கே எடுத்தார்கள். ஆர்ன்ஹெம் பாலத்தைச் சுற்றிப் புதுக்கட்டடங்கள் வந்துவிட்டதால் டெவென்டர் பாலம் அதற்குப் பதிலாக நடித்தது.

1993-லும் 1995-லும் ரைன் கிளைகளில் பெருவெள்ளம். 1995-இல் ஆற்றுப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டு, ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்துக்கு மாறினார்கள். டெவென்டர் எதிர்க்கரையில் வெள்ளச் சமவெளியைத் தோண்டிப் பக்கக் கால்வாய்கள் வெட்டினார்கள். தண்ணீர் ஏறினால் அங்கே பரவும், ஊர்ப்பக்க மட்டம் குறையும். மற்ற நாட்களில் மாடு மேயும், பறவைகள் இறங்கும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்று ஐசெல் கரையிலும் நகரத் தெருக்களிலும் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்குப் பழைய புத்தகக் கடைகள் போடுகிறார்கள். ஐரோப்பாவின் மிகப்பெரிய புத்தகச் சந்தை என்று சொல்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. காலையிலேயே போய்விட்டால் கூட்டம் குறைவு. மதியம் களைத்துப்போனால் சிறு படகில் அக்கரை வோர்ப் பூங்காவுக்குப் போய் நிழலில் உட்காரலாம், ஊரின் முழு முகமும் அங்கிருந்துதான் தெரியும். திரும்பி வந்து பிரிங்க் திடலில் அந்தத் தேன் கேக்கை வாங்குங்கள். அத்தீனியம் நூலகத்துக்கு மட்டும் ஒரு வேலைநாளில் தனியாக வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு அதைச் சேர்க்க முடியாது.